அமலோற்பவம் நீரோட்டம்

கடலுக்குக் காய்ச்சல் அடித்தால் அதன் கக்கத்தில் வைத்துப் பார்க்க யாரிடமும் தெர்மாமீட்டர் கிடையாது. அதனால் மனிதர்கள் கத்திப் பார்த்தார்கள்.

விஷயம் எளியதுதான். சூடான தண்ணீரில் ஒலி வேகமாக ஓடும், குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோம்பும். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலையில், பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு தீவுக்குப் பக்கத்தில், ஆழத்தில் ஓர் ஒலிபெருக்கியை இறக்கி வைத்தார்கள். அது தினமும் குறித்த வேளைகளில் அடிவயிற்றிலிருந்து முனகும். அந்த முனகல் நாலாயிரம் கிலோமீட்டர் தண்ணீருக்குள்ளேயே நடந்து, முக்கால் மணி நேரம் கழித்து, கன்னியாகுமரிக் கரைக்கு அப்பால் தொங்கிய ஒரு கருவியில் வந்து விழும். போன வருடத்தைவிடச் சற்று முந்தி வந்தால் கடல் சூடாகியிருக்கிறது, பிந்தி வந்தால் குளிர்ந்திருக்கிறது. நடுவிலிருக்கும் அவ்வளவு தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். இதைவிட மலிவாகக் கடலை யாரும் அளந்ததில்லை.

கருவிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அதற்கு நேரே கரையிலிருந்த மீனவ ஊரான கல்லடித்துறையில் அதை 'அரசாங்கக் காது' என்றார்கள்.

அந்தக் காதுக்குப் பொறுப்பு முனைவர் அமலோற்பவம். கல்லடித்துறையிலேயே பிறந்தவள். ஊரில் எல்லாரும் கடலுக்குள் போய்ச் சம்பாதித்தபோது, கடலுக்குப் போகாமலே கடலில் சம்பாதிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான் என்பது அவளுடைய அக்கா கணவர், அத்தான் கிளீட்டஸின் நிரந்தரக் கேலி. கரையோரத்தில், ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்திலேயே, அரசாங்கக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அக்கா விரோணிக்கா வீட்டில்தான் சாப்பாடு.

எண் ஏற ஆரம்பித்ததும்தான் வம்பு வந்தது. மேல்தண்ணீர் சூடானால் புயல் பிறக்கும். அடித்தண்ணீரும் சூடாக இருந்தால் பிறந்த புயல் களைப்பே இல்லாமல் வளரும். அதனால் நாடுகள் கூடி ஒரு சிவப்புக்கோடு போட்டன. எந்தக் கரையின் எண் கோட்டைத் தாண்டுகிறதோ, அந்தக் கரையில் ஆள் குடியிருக்கக் கூடாது. கல்லடித்துறைக்காரர்களுக்காக நாற்பது கிலோமீட்டர் உள்ளே, ஆரல்வாய்மொழிக்கு அப்பால், காற்றாலைகளுக்கு நடுவே அடுக்குமாடிக் குடியிருப்பு முன்கூட்டியே எழும்பிவிட்டது. அதற்கு அலைமகள் நகர் என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து அலையைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும்.

கோட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே நூலிழைதான் மிச்சம் என்றிருந்த வருடத்தில், எண் சடாரென்று இறங்கியது.

அமலோற்பவம் முதலில் நம்பவில்லை. கடிகாரத்தைச் சோதித்தாள், கம்பிகளைச் சோதித்தாள். முனகல் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகத்தான் வந்தது. இதே முனகலைக் கேட்க வேறு வேறு நாடுகளின் கரைகளிலும் மூன்று காதுகள் தொங்கின; அதே வருடத்தில் அவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ச்சியைச் சொல்லின. நாலு பேர் ஒரே சாட்சி சொன்னால் எந்த நீதிபதியும் நம்பத்தான் செய்வார். தென்துருவத்திலிருந்து ஆழத்தில் ஒரு குளிர் நீரோட்டம் கிளம்பி வந்து நாலாகப் பிரிந்து நாலு கரைகளையும் தொடுகிறது என்று அவள் ஒரு கட்டுரை எழுதினாள். உலகம் அதைக் கொண்டாடியது. நீரோட்டத்துக்கு அவள் பெயரையே வைத்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் 'அமலோற்பவம்' என்ற பெயரை நாக்கில் போட்டுப் பிசைவதைக் கேட்க விரோணிக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் குளிர்ச்சிக்குச் சொந்தம் கொண்டாட வேறு ஆட்களும் இருந்தார்கள். தான் நட்ட அலையாத்திக் கன்றுகளால்தான் கடல் குளிர்ந்தது என்று அமைச்சர் கல்வெட்டே திறந்துவிட்டார். கன்றுகளை ஆடுகள் மேய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. பங்குத்தந்தையோ, மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் வலம் வந்ததை ஒவ்வொரு பிரசங்கத்திலும் நினைவூட்டினார். அமலோற்பவம் இரண்டையும் கேட்டுப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வாள். காரணம் தெரிந்தவர்களுக்கு உரிய சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பு மாதா திருவிழாவின் கடைசி நாள் மதியம், அக்கா வீட்டு நெய்மீன் குழம்பிலும் மரச்சீனிக் கிழங்கிலும் சிக்கிச் செத்தது.

"என்ன அத்தான், ரெண்டு வருசமா நெய்மீனு உங்களுக்கு மட்டும்தான் அகப்படுதாமே? ஊரே வயிறெரியுது" என்றாள் அமலோற்பவம், கிழங்கைப் பிசைந்துகொண்டே.

"எங்க போடணும்னு தெரிஞ்சா அகப்படும்" என்றார் கிளீட்டஸ். திருவிழா மதியத்தில் அவருக்கு நாக்கு கொஞ்சம் தாராளமாகிவிடும்.

"எங்க போடுவிய?"

"உனக்க காதுக்கு அடியிலதான்."

விரோணிக்கா கரண்டியைச் சட்டியில் ஓங்கி வைத்தாள். "தின்னுட்டு எழும்பும். பேச்சு எதுக்கு?"

"நம்ம பிள்ளதானே, சொன்னா என்ன? நீ கேளு பிள்ளே. அந்த மஞ்ச மிதவை தண்ணிக்கடியில தொங்குதுல்லா, அதுல பாசி பிடிச்சு, பாசிக்குப் பொடிமீனு வந்து, பொடிமீனுக்கு நெய்மீனு வந்து, அது ஒரு பாறைப் பாரு மாதிரி ஆயிப்போச்சு. பக்கத்தூரு மேலத்துறைக்காரனுவ அதுக்க கணியத்தப் பிடிச்சுட்டானுவ."

கணியம் என்பது கடலில் கிடைக்கும் முகவரி. கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் பிடிப்பார்கள்; இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடிப்பார்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் மீன். நல்ல கணியத்தைக் கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். அது பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிட்டால் மானம் போன மாதிரி.

"அதுக்கு என்ன செஞ்சிய?" அமலோற்பவத்தின் கை இலையில் நின்றுவிட்டது.

"என்ன செய்ய? மூணு மீன்பிடி போட்டு சேந்து வடம் போட்டுக் கட்டி, நங்கூரக்கல்லோட கிளப்பி, கெழக்க கொண்டு போயி வச்சோம். மேலத்துறைக்காரனுவ இப்பவும் பழைய கணியத்தப் பாத்து வெறுந்தண்ணியில தூண்டிலப் போட்டுட்டுக் கெடக்கானுவ." கிளீட்டஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எவ்வளவு தூரம் அத்தான்?"

"என்ன, ஒரு முந்நூறு மீட்டர் இருக்கும்."

தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் போகும். முந்நூறு மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இதற்குக் கணக்குப்பொறி தேவையில்லை, அவளுக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை. துருவத்திலிருந்து கிளம்பி, பாதி உலகத்தைச் சுற்றி, நாலாகப் பிரிந்து வந்த அமலோற்பவம் நீரோட்டம் மொத்தமும் அத்தானின் வடத்தில் கட்டி இழுத்த அந்த முந்நூறு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. மேலத்துறைக்காரர்கள் மட்டுமல்ல, அவளும் இரண்டு வருடமாகப் பழைய கணியத்தில்தான் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

காது எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்ல மேலே ஒரு சூரியத்தகடும் விளக்கும் மிதந்தது உண்மை. முதல் கிறிஸ்துமஸுக்கே அது காணாமல் போய், யாருடைய வீட்டு வாசலிலோ நட்சத்திரமாக எரிந்தது. புதிது வாங்க எழுதிய கோப்பு இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதுவரை காது இறக்கிய இடத்திலேயே இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவ்வளவு கனத்த கல்லை யார் தூக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. கல்லடித்துறைக்காரியான அவளுக்கு மட்டுமாவது அந்த நம்பிக்கை வந்திருக்கக் கூடாது.

நிலையத்துக்கு ஓடிப்போய்ப் புது இடத்தை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். கடல் குளிரவே இல்லை. நிற்காமல் சூடாகிக்கொண்டிருந்தது. சிவப்புக்கோட்டைப் போன வருடமே தாண்டியாகிவிட்டது. அடுத்து ஐப்பசி வருகிறது, புயல்களின் மாதம். அவளுக்குத் தன் பெயர் போகிறதே என்று முதலில் வலித்தது. அப்புறம்தான் அக்கா வீடு இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது. அந்த வரிசைக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

சென்னைக்குப் போய் இயக்குநர் சந்தானகோபாலனைப் பார்த்தாள். அவர் எதையும் காபி வந்த பிறகுதான் பேசுவார்.

"வாங்கம்மா. உங்க நீரோட்டத்தைப் பத்தித்தான் வெளிநாட்டுலேர்ந்து மெயில் மேல மெயில்."

"அந்த நீரோட்டமே இல்ல சார்."

"எது இல்ல?"

"என் பேர்ல ஓடுறது."

எல்லாவற்றையும் சொன்னாள். வடம், மூன்று படகு, மேலத்துறை, நெய்மீன். அவர் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"யார்கிட்டயும் இல்ல. இடத்தைத் திருத்திப் போட்டா கணக்கு சரியாயிடும் சார்."

"கணக்கு சரியாயிடும். கல்வெட்டை என்ன பண்றது? பார்லிமென்ட்டுல வச்ச அறிக்கையை என்ன பண்றது? ரெண்டு வருஷம் குளிர்ந்த கடல் மத்தியானச் சாப்பாட்டுல சூடாயிடுச்சுன்னு எழுதச் சொல்றீங்களா?"

"ஒண்ணுதான் சார் எனக்குப் புரியல. என் காதை எங்க அத்தான் இழுத்தார். மத்த மூணு காதும் ஏன் குளிர்ச்சியைச் சொல்லுது? அதை வச்சுத்தானே நான் கட்டுரையே எழுதினேன்."

சந்தானகோபாலன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த மூணு கரைக்குப் பின்னாலயும் ஆளுக்கொரு அலைமகள் நகர் கட்டி வச்சிருக்காங்க. தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் என்னம்மா? அங்க இருக்கறவங்களுக்குக் கயிறு கட்டத் தெரியாதா?"

நாலு சாட்சிகளும் சொன்னது ஒன்றேதான், நாலும் பொய். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அப்போ கடல் உண்மையில எவ்வளவு சூடு சார்?"

"யாருக்குத் தெரியும்? நாலு பேரும் எவ்வளவு இழுத்தோம்னு சொன்னாத்தான் தெரியும். நாலு பேரும் சொல்லமாட்டாங்க. நீங்க மட்டும் சொன்னா உங்க ஊர் மட்டும் காலியாகும். மத்தவங்க கடல் குளுகுளுன்னு இருக்கும். உங்க அக்கா வீட்டை நீங்களே இடிச்சுட்டு வரீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கமிட்டி போடறேன். அதுவரைக்கும் நீங்க எதுவும் பேசக்கூடாது, எழுதக்கூடாது. இது உத்தரவு."

கமிட்டி வேகமாகத்தான் வேலை செய்தது. காதுக்கு மீனவர்களால் ஆபத்து என்று கண்டுபிடித்து, காது இருக்கும் இடத்தைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் யாரும் வலை போடக்கூடாது என்று தடை போட்டது. காவலுக்கு ஒரு ரோந்துப் படகும் வந்தது. காது இருப்பதாகப் பதிவான இடம் பழைய இடம். ரோந்துப் படகு பகலெல்லாம் வெறுந்தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தது. கிளீட்டஸ் சற்றுத் தள்ளி நிம்மதியாக நெய்மீன் பிடித்தார். மேலத்துறைக்காரர்களைத்தான் விரட்டினார்கள்.

ஐப்பசி பிறக்கப் போகும் சமயம் எண் மறுபடியும் கோட்டை நெருங்கியது. பொய்யான எண்கூட எத்தனை நாள்தான் தாங்கும்? அடியில் சூடு ஏறிக்கொண்டேதானே இருக்கிறது. அந்த வாரம் விரோணிக்கா தங்கையை வரச்சொன்னாள். போனால் சாப்பாடு எதுவும் தயாராக இல்லை. அக்காவும் அத்தானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

"ஏய், எண்ணு ஏறுதாமே? செய்தியில சொன்னான்" என்றாள் விரோணிக்கா.

"ஏறுது."

"அப்போ இந்த வருசம் எவ்வளவு இழுக்கணும்னு சொல்லு. போன தடவ முந்நூறு. இவரு போட்டெல்லாம் பேசி வச்சிருக்காரு."

அமலோற்பவம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேலத்துறைக்காரனுக்கு ஒளிச்சு வைக்கத்தானே இழுத்தோம்னு சொன்னிய?"

கிளீட்டஸ் தலையைச் சொறிந்தார். விரோணிக்காதான் சொன்னாள். "அது இவரு அன்னைக்கு நாக்குத் தவறி உளறிட்டுப் பெறவு பூசி மெழுகினது. மீனு வந்தது நெசம்தான், அது மாதா தந்த கூலி. இழுத்தது இந்த வீட்டுக்காக. இந்த ஊருக்காக."

"காத இழுத்தா கடல் குளுந்த மாதிரி காட்டும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான்" என்றாள் அக்கா, ஆச்சரியமாக. "மறந்துட்டியா? நாங்க இழுக்கதுக்கு முந்துன கிறிஸ்துமஸுக்கு இதே எடத்துல இருந்து கையக் கால ஆட்டிச் சொன்னியே. சத்தம் தென்மேற்குலேர்ந்து வருது, காது ஒரு முந்நூறு மீட்டர் கெழக்க தள்ளி இருந்தாப் போதும், கடலே குளுந்துபோச்சுன்னு உலகம் நம்பும்னு. எவ்வளவு அழகா வெளக்கின! எனக்கே புரிஞ்சுது பாத்துக்க."

நினைவிருந்தது. தன் கருவி எவ்வளவு நுட்பமானது என்று பெருமையடிக்கச் சொன்னது அது. வாழ்க்கையில் அவள் எடுத்த பாடங்களிலேயே மாணவர்கள் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த ஒன்றுதான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"சொல்லு பிள்ளே" என்றார் கிளீட்டஸ். "எவ்வளவு தூரம்?"

"நாப்பது கிலோமீட்டர்."

"நாப்பதா!" கிளீட்டஸ் எழுந்தே விட்டார். "அவ்வளவு தூரம் கல்லோட இழுக்க முடியுமா? எந்தப் போட்டுக்கு அந்த எஞ்சின் இருக்கு?"

"காத இல்ல அத்தான். நம்மள. வடக்க."

விரோணிக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "அந்தக் காத்தாடிக் காட்டுக்கா? அங்க போயி எதத் திங்க? காத்தையா? எனக்க மாமியாரையும் மாமனாரையும் இஞ்ச கல்லறையில விட்டுட்டு? நீ எங்களுக்காகப் படிச்சேன்னு நெனச்சேன். எழும்பிப் போடி."

"அக்கா, அடியில தண்ணி கொதிக்குது. இந்தத் தடவ வாற புயலு சும்மா போகாது. நீ என்ன அடிச்சாலும் சரி, வா."

"எழும்பிப் போன்னேன்."

அமலோற்பவம் எழுந்து போனாள். பேசக்கூடாது என்பது உத்தரவு. பேசினாலும் கேட்கப்போவது யார்? குளிர்கிறது என்று இரண்டு வருடம் அவளே சொல்லியாகிவிட்டது. அறிக்கையை நம்பும் வழக்கம் அந்த ஊருக்கு எப்போதும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்று மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கோயிலைவிட்டு இறங்கியபோது, எதிரே ஒரு மினி லாரி நின்றது. அதில் அமலோற்பவத்தின் கட்டிலும் பிரிட்ஜும் மெத்தையும் புத்தக மூட்டைகளும் ஏறியிருந்தன. அவளே முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, "அலைமகள் நகருக்கு" என்று மட்டும் பதில் சொன்னாள்.

கூட்டம் கலையவில்லை. பங்குத்தந்தை அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து நின்றார். யாரோ ஒருவன் படம் எடுத்து அனுப்பிவிட்டான். நீரோட்டத்தைக் கண்டுபிடித்த அம்மாவே கரையைக் காலி செய்கிறாள் என்ற செய்தி, ஒலி தண்ணீரில் போவதைவிட வேகமாகப் போனது. அவள் கடைசி முடிச்சைப் போடுமுன் சென்னையிலிருந்து போன் வந்தது.

"என்னம்மா பண்ணிட்டிருக்கீங்க? நான் பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் ஒரு வார்த்தை பேசல சார். வீடு மாறுறேன்."

"டி.வி.க்காரன் என்னைக் கூப்பிட்டுக் கேக்கறான். கடல் இவ்வளவு குளிர்ச்சியா இருக்கறப்போ அந்தம்மா ஏன் கரையை விட்டுப் போறாங்கன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"குளிர் தாங்கலைன்னு சொல்லுங்க சார்."

போனை வைத்துவிட்டாள். விட்ட முடிச்சைப் பிடித்து இறுக்கினாள். அதைக் கூட்டமும் பார்த்தது. விரோணிக்கா இத்தனை நேரமும் கோயில் படியிலேயே, தங்கையைப் பார்க்காமல், லாரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி வந்தாள். அமலோற்பவத்தைத் தாண்டி நேரே டிரைவரிடம் போனாள்.

"தம்பி, இவள எறக்கிட்டுத் திரும்பி வருவியா?"

"வருவேன்கா. ஏன்?"

"எங்க வீட்டுல ஒரு நடைக்குச் சாமான் இருக்கு."

"ஒரு நடை காணாது" என்றார் பின்னாலிருந்து கிளீட்டஸ், தரையைப் பார்த்தபடி. "வலையெல்லாம் கெடக்கு."

கூட்டத்தில் நாலைந்து பேர் முன்னால் வந்து டிரைவரிடம் போன் நம்பர் கேட்டார்கள்.